அடிக்கு முன்னால் ஒரு சத்தம்

"ரெண்டு" என்றார் கல்யாணராமன் மாமா, கண்ணைத் திறக்காமலே.

அவருக்குப் பின்னால் நின்ற கமலாக்ஷி மாமி அதைக் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டாள். ஆறாவது முறையும் "சரி" என்றாள்.



நான் ஒரு பெட்டி செய்கிறேன். கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது அதன் வேலை. அதற்குள் சத்தத்தை வடிகட்டும் ஃபில்டருக்காக மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன். எர்ணாகுளத்து சங்கீத சபா ஒன்று வாங்குவதாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமா எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். சுதர்ஷனின் ஃபில்டரில் ரிங்கிங் இருக்கிறது, அதாவது மிருதங்கத்தில் அடி விழுவதற்கு முன்பே ஏதோ ஒன்று லேசாகக் கேட்கிறது என்று.

இருப்பது உண்மைதான். கம்ப்யூட்டர் திரையில் குட்டி அலையாகத் தெரியும். ஆனால் மனிதக் காதுக்குக் கேட்காது. எழுபத்திரண்டு வயதுக் காதுக்குச் சத்தியமாகக் கேட்காது.

ஆனால் சபாக்காரர்களுக்கு மாமா சொன்னதுதான் வேதம். அதனால்தான் இந்தப் பரீட்சை, மட்டாஞ்சேரியில் அவர் வீட்டுக் கூடத்திலேயே.

விதிகள் எல்லாம் என்னுடையவை. மிளகுக் கிடங்குகளுக்கு லாரி வராத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்தேன். ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்தினேன். மாமாவின் முதுகுக்குப் பின்னால் இரும்பு மேசை. அதன் மேல் இரண்டு பொத்தான்கள். மாமியின் கைக்குப் பக்கத்தில் இருப்பது ஒன்று, ஃபில்டர் இல்லாமல்; அந்தக் கோடியில் இருப்பது இரண்டு, ஃபில்டரோடு. மாமி காசைச் சுண்டிப் பார்த்து ஒன்றை அழுத்துவாள். ஒரே ஒரு மிருதங்க அடி கேட்கும். ஒன்றா இரண்டா என்று மாமா சொல்ல வேண்டும்.

என் முகம் எதையும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். மாமியின் வளையல்களைக்கூட முழங்கை வரை ஏற்றிக் கைக்குட்டையால் கட்டச் சொல்லியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

எல்லாம் முடிந்ததும் திரும்பி மாமியின் தாளைப் பார்த்தேன். பத்துக்குப் பத்து.

மாமா கண்ணைத் திறந்தார். ஜெயித்த திமிர் துளியும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பொய் சொல்லலையாக்கும் சுதர்ஷா. அடி விழறதுக்கு முந்தி சின்னதா கிலுங்னு ஒரு கிலுக்கம் உண்டு. ரெண்டாவதுல மட்டும்."

தோற்பதையாவது கௌரவமாகத் தோற்போம் என்று அங்கேயே உட்கார்ந்து குழுவில் எழுதினேன். மாமா சொன்னதே சரி. ரிங்கிங் கேட்கிறது. என் பெட்டியை யாரும் வாங்க வேண்டாம்.

சபாவின் செயலாளர் ரமேஷ்பாபு அரை நிமிடத்தில் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினார். மூன்று வருடம் அதோடு முடிந்தது.

எழுந்து போய் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுருட்டினேன். மாமா நாற்காலியில் சாய்ந்து திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். மாமி கைக்குட்டையை அவிழ்த்து வளையல்களை இறக்கிவிட்டாள். இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில் சுண்டிய காசு கிடந்தது. அதை எடுக்க எட்டிக் கை நீட்டினாள்.

கை எட்டுவதற்காக அவள் கால் மேசைக்கு அடியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. மெட்டி மேசையின் இரும்புக் காலில் பட்டுக் கிலுங்கென்றது.

"ரெண்டு" என்றார் மாமா.