முத்தழகின் தொண்டை

“மூணு நாளா இவளுக்குக் குரலே இல்லீங்க டாக்டர். பச்சத் தண்ணியில தலை முழுகியிருப்பா” என்றார் சோணைமுத்து. பக்கத்தில் மனைவி முத்தழகு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“வலிக்குதாம்மா?” என்று அவளிடம் கேட்டார் டாக்டர் சதக்.

“வலியெல்லாம் இல்லீங்க” என்றார் சோணைமுத்து.

“சாப்பாடு முழுங்க முடியுதா?”

“அதெல்லாம் நல்லாத் திங்கிறா.”

டாக்டர் சின்னக் கண்ணாடியை ஸ்பிரிட் விளக்கில் சூடுகாட்டி, அவள் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். வீக்கமும் இல்லை, கட்டியும் இல்லை.

“எங்க, ஒரு தடவை இருமும்மா.”

இருமல் கணீரென்று வந்தது. இருமலில் இருக்கும் குரல் பேச்சில் மட்டும் எங்கே போகும்? சோணைமுத்துவை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார் டாக்டர்.

“தொண்டைக்கு ஒண்ணுமில்லீங்கய்யா” என்றாள் முத்தழகு தெளிவாக. “நான் எதை ஆரம்பிச்சாலும் அவுகதான் முடிப்பாக. சரி, அவுகளே பேசட்டும்னு விட்டுட்டேன்.”

“மூணு நாளாவா?”

“மூணு மாசமா. மூணு நாளைக்கு முந்தி ஆடுகளைக் கூப்பிடுறதையும் விட்டேன், மேயப்போனதுக வீடு திரும்பலை. நான் குரல் குடுத்தாத்தான் அதுக வரும். அப்பத்தான் கண்டுபிடிச்சாக.”

டாக்டருக்குச் சுருக்கென்றது. இந்த ஆளை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கதவைத் திறந்தார்.

“இங்க பாருங்க, உங்க சம்சாரத்துக்கு...”

“சளிதானே டாக்டர்? நான் அப்பவே சொன்னேன்.”

“அது இல்லை, நீங்க...”

“நான் பாத்துக்கிறேன். எங்க சின்னய்யாவுக்கும் இப்படித்தான் ஒருக்கா...”

மூன்றாம் தடவையும் வாயைத் திறந்த டாக்டர், அப்படியே மூடிக்கொண்டார்.

முத்தழகு அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.