சுவரில் இல்லாத கண்கள்

மதிய வெயில் அலுவலகச் சமையலறைத் தொட்டியில் சாய்ந்து விழுகிறது. யாரோ பார்க்கிறார்கள் என்றால்தான் மனிதன் பொதுவேலையில் கைவைப்பான், அது ஆதிமனிதக் கூட்டத்திலிருந்தே வந்த பழக்கம் என்பது ஆராய்ச்சிக்காரியின் கட்சி. அதை நிரூபிக்கத் தொட்டிக்கு மேலே தான் ஒட்டியிருந்த இரண்டு கண்களின் படத்தைப் போன வாரம் அவளே உரித்து எடுத்துவிட்டாள். இனி எச்சில் கோப்பைகள் குவிய வேண்டும். குவியாவிட்டால் இத்தனை வருட உழைப்பும் வீண். தொட்டியோ பளிச்சென்று இருக்கிறது. கணக்காளர் தன் கோப்பையைத் தேய்க்கிறார். பசைத்தடம் மட்டும் மிஞ்சிய சுவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, விளிம்பை மறுபடியும் தேய்க்கிறார்.

“அதான் எடுத்தாச்சே சார், இன்னும் யாருக்குப் பயப்படறீங்க?” என்கிறாள் அவள்.

“படத்தைத்தானேம்மா எடுத்தே?” அவர் குரல் தாழ்கிறது. “அது உன் கண்ணு மாதிரியே இருக்கும்.” அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விடுகிறார்.

அவளுடைய கண்கள்தான். பழைய புகைப்படத்திலிருந்து வெட்டியது, யாரிடமும் சொன்னதில்லை. ஒரு கோப்பை அழுக்காகக் கிடந்தால் மற்றவர்களும் போடுவார்கள் என்று, தன் கோப்பையைக் கழுவாமல் தொட்டியில் வைத்துவிட்டு நடக்கிறாள். குழாய் சொட்டுகிறது. பிடரி குறுகுறுக்கிறது. வாசல்வரை போனவள் திரும்பி வந்து, சுவரை நிமிர்ந்து பார்க்காமல், குழாயைத் திறக்கிறாள்.