இரண்டு உண்மை, ஒரு பொய்

இங்கிலீஷ் வகுப்பில் ரீச்சர் ஒரு விளையாட்டு வைத்தாள். தன்னைப் பற்றி ஆளுக்கு இரண்டு உண்மையும் ஒரு பொய்யும் சொல்ல வேண்டும். பொய் எது என்று மற்றவர்கள் கண்டுபிடிப்பார்கள். அகதிகளோடு விளையாடுகிற விளையாட்டா இது? தம்பி குணநாயகம் செத்துவிட்டான் என்று எழுதிக்கொடுத்துத்தான் எனக்கு விசா கிடைத்தது. அவன் ஊரில் உயிரோடு இருப்பது தெரிந்தால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த வகுப்பில் பேசுவதெல்லாம் மேலிடத்துக்குப் போகும் என்பது என் சந்தேகம். போகட்டும், அவன் சாவும் போய்ச் சேரட்டும் என்று நினைத்துச் சொன்னேன்: "பஸ் ஓட்டினேன். மீன் சாப்பிடமாட்டேன். தம்பி உயிரோடு இருக்கிறான்."

"மீன்தான் பொய்!" என்று கத்தினாள் பக்கத்து நாற்காலித் தவமலர். "அண்ணை, உங்கட வயித்தைப் பாத்தா மீன் தின்னாத ஆள் மாதிரியோ கிடக்கு?"

எல்லோரும் மீன் என்றார்கள். தம்பியை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

"தம்பிதான் பொய். அவன் செத்துப்போனான்" என்றேன்.

ரீச்சரின் முகம் வாடியது. ஆனாலும் சரியான வசனத்தை எல்லோரையும் சேர்ந்து சொல்லவைப்பது அவள் வழக்கம். அவருடைய தம்பி செத்துவிட்டார் என்று பதினெட்டு வாய்கள் மூன்று தரம் இங்கிலீஷில் சொல்லின. இத்தனை பேர் சொன்னால் நடந்துவிடுமோ என்று எனக்குப் பயம் வந்தது.

ரீச்சர் என் பக்கம் திரும்பினாள்.

"இப்போது நீங்கள் மட்டும்" என்றாள்.