மொட்டை மாடிக் கம்பிகள்

"வெட்டுப்பா" என்றார் ஹாஜி தஸூக்கி, மொட்டை மாடியில் நின்றபடி.

"வெட்டிப்பாரு உஸ்தா! மத்தியானம் உனக்கு ரொட்டியும் கிடையாது, மொச்சையும் கிடையாது!" கீழே முற்றத்திலிருந்து அவர் மனைவி நபவியாவின் குரல் வந்தது.

அவள் உஸ்தா என்று கூப்பிட்ட கொத்தனார் ஃபர்காலிக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியவில்லை. தலையில் கை வைத்துக்கொள்ளலாம் என்றால் கையில் கம்பி வெட்டும் மெஷின்.

பன்னிரண்டு நாளாக இந்தப் பழைய வீட்டில் வேலை. குளியலறைக்கு வெள்ளை டைல்ஸ். சமையல் மேடைக்குக் கருங்கல். ஓதம் ஏறிய சுவரைக் கொத்திப் புதுப்பூச்சு. பால்கனிக் கிராதிக்குப் பச்சைப் பெயின்ட். எல்லாம் வீட்டை நல்ல விலைக்கு விற்க.

விலை வந்தால் மன்சூரா நகரத்தில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இரண்டு ரூம் வாங்கிவிடலாம். நபவியாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் ஒன்றரை மணி நேரம் மினிபஸ்ஸில் குலுங்கிப் போகிறாள். ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, பிழிந்துபோட்ட துணி மாதிரி திரும்பி வருகிறாள். இன்னொரு குளிர்காலம் இப்படி அலைந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நேற்று தரகர் வந்தார். டைல்ஸைத் தடவிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். பிறகு மேலே கையைக் காட்டினார்.

"இதெல்லாம் கொசுறு, ஹாஜி. வெல அந்தக் கம்பிக்குத்தான்."

சரிதானே. இந்தப் பக்கத்தில் யார் வீட்டை முடித்திருக்கிறார்கள்? மொட்டை மாடியின் நாலு மூலையிலும் தூண் கம்பி நீட்டிக்கொண்டு நின்றால், நாளைக்கு மகனுக்கு ஒரு மாடி எழும்பும் என்று அர்த்தம். வாங்கப்போகிறவருக்குக் கல்யாண வயதில் மகன். அந்த மாடிக்காகத்தான் வருகிறார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் வந்துவிடுவார்.

இந்த நேரத்தில் போய்க் கம்பியை வெட்டு என்றால்?

"ஹாஜியாரே, பன்னெண்டு நாளா ஏத்தின வெலய ஒரே வெட்டுல இறக்கச் சொல்றீங்களே?"

"மாடி பாக்க லட்சணமா இருக்கணும்."

"லட்சணத்த யாரு காசு குடுத்து வாங்குறா?"

கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் கட்டிய கொடியில் நபவியாவின் கறுப்பு அங்கி காய்ந்துகொண்டிருந்தது. ஹாஜி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபர்காலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. டைல்ஸ் ஒரு நூல் கோணினாலும் எரிந்து விழுந்த மனுஷன். ராணி மாதிரி அவளை ஆஸ்பத்திரி வாசலிலேயே குடிவைக்கப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி வேலை வாங்கியவர். அவருக்கு இப்போது என்ன வந்தது?

வேலை கொடுத்தவர் சொல்கிறார். குந்தி உட்கார்ந்து, வெட்டுவதற்கு வாகாகக் கம்பியை இடது கையால் பிடித்தான்.

கம்பி அசைந்தது.

வெயிலில் தனக்குத்தான் தலை சுற்றுகிறதோ என்று நினைத்தான். அடுத்த கம்பியைப் பிடித்தான். அதுவும் ஆடியது, விழப்போகிற பல்லைப் போல. எழுந்து அடுத்த மூலைக்குப் போனான். அங்கே ஒன்றைப் பிடித்து ஓங்கி இழுத்தான்.

அடியில் ஒரு சாண் சிமென்ட் கட்டியோடு கையில் வந்துவிட்டது.

கீழே சுவரைக் கொத்தும்போது எந்த மூலையிலும் தூண் தட்டுப்படவில்லை. உள்ளே ஆழத்தில் இருக்கும் என்று விட்டிருந்தான். தூணே இல்லை. வெறும் செங்கல் சுவர். இருக்கிற கூரையைத் தாங்குவதே பெரிது.

"இது மேல மாடி கட்டினா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

"எங்க பையன் ஸமீஹுக்குப் பொண்ணு கேட்டப்போ," ஹாஜியின் குரல் தாழ்ந்திருந்தது, "மாடியில கம்பியப் பாத்தாத்தான் நிச்சயத்துக்கு ஃபாத்திஹா ஓத உக்காருவேன்னுட்டாரு பொண்ணோட அப்பா. ஒரு வாரந்தான் இருந்துச்சு. கம்பிய மட்டும் நட்டாச்சு."

கல்யாணமானதும் ஸமீஹ் பெண்டாட்டியோடு சூயஸில் வேலைக்குப் போய்விட்டான். மாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கம்பி மட்டும் நின்றது, பதினெட்டு வருஷமாக.

"ஹாஜியம்மாகிட்ட இதச் சொல்லிட வேண்டியதுதானே? பாவம், தெரியாமத்தானே அவங்க..."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு வருஷமாக மாடி ஏறாத நபவியா, சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து நின்றாள். ஃபர்காலி கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ஆள் உயரக் கம்பி. மறையவில்லை.

"எதுக்கு ஒளிக்கிற உஸ்தா? அந்தச் சிமென்ட்டக் குழைச்சவளே நான்தான்."

ஃபர்காலி ஹாஜியைப் பார்த்தான். ஹாஜி தரையைப் பார்த்தார்.

"கம்பி நிக்கட்டும் மனுஷா" என்றாள் நபவியா, மூச்சு வாங்க. "நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேனே."

கீழே சந்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். தரகர் இறங்கினார். வாங்குகிறவர் இறங்கினார். பின்னாலேயே அவர் மகனும், அவனுக்கு நிச்சயித்த பெண்ணும்.

நபவியா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பெண் அண்ணாந்து, விரலை நீட்டிக் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பையன் பக்கத்தில் நின்று, எந்த இடத்தில் ஜன்னல் வரும் என்று காற்றில் வரைந்து காட்டினான். அவள் தலையை ஆட்டி, விரலால் அதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

நபவியா மெதுவாகக் கொடிப் பக்கம் போனாள். ஈரம் போகாத அங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வெட்டும் மெஷினுக்கு வழிவிட்டு, கம்பியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

பழைய முடிச்சு. நேரம் பிடித்தது.