பாட்டிலுக்குப் பின்னால் புது விதி

"போன வருஷம்வரைக்கும் இதே தண்ணிய நேரா சாக்கடையில விட்டோமே மேடம், யாராவது ஏன்னு கேட்டாங்களா?" என்கிறார் காண்ட்ராக்டர். "இப்போ கேக்கத்தானே சார் என்னை அனுப்பியிருக்காங்க!" மழைநீர் ஆய்வாளர் சிரித்தபடி கண்ணாடி பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கி, அதன் பின்னால், சேற்றுத் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது என்ற புது விதி அச்சிட்ட தாளைப் பிடிக்கிறார். தண்ணீர் வழியாக அதைப் படிக்க முடிந்தால் கட்டட வேலை தொடரும். முடியாவிட்டால் இன்றோடு நிறுத்தம். அஸ்திவாரக் குழியில் தேங்கிய மழை, காண்ட்ராக்டர் புதிதாக வெட்டிய மூன்று தொட்டிகளில் தங்கி, ஜல்லிக்குள் புகுந்து, இந்தப் பாட்டிலுக்கு வந்திருக்கிறது. "காலையில பால் காப்பியா இருந்துச்சு, இப்போ வெறும் டீ. தேறிடும் மாமா," என்கிறான் மேஸ்திரியான மச்சினன். "வாயை மூடுடா!" என்று அதட்டுகிறார் காண்ட்ராக்டர். துகள்கள் வெயிலில் மின்னிச் சுழன்று, ஆற அமர அடியில் இறங்குகின்றன. முப்பது வருடம் மண்ணோடு மல்லுக்கட்டியவர், மண் இவ்வளவு நிதானமாக இறங்கும் என்பதை இன்றுதான் பார்க்கிறார். பயத்தைக்கூட மறந்து, இன்னும் குனிகிறார். தலைப்பு தெரிகிறது. முதல் வரியில் பாதி தெரிகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் சூரியனை மறைக்க, பாட்டில் முழுதும் பழுப்பாகிறது. ஆய்வாளர் பேனாவின் மூடியைத் திறக்கிறார்.

"மேடம், அந்த மேகம் நகரட்டும். அதுவரைக்கும் எழுதாம இருங்களேன்."