கையை வை, மாப்ள

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு லேத்துக்காரன் இருந்தான்; பட்டறையில் இரும்பு கடைகிற மெஷின் ஓட்டுபவன். அவனுக்கு இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. மெஷின் எடுத்துக்கொண்டது. விரல் போனதோடு வேலையும் போனது.

அப்புறம் அவன் ஏறி இறங்காத பட்டறை இல்லை. எல்லா இடத்திலும் முதலில் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், பிறகு கையைப் பார்ப்பார்கள், கடைசியில் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். யாராவது உற்றுப் பார்த்தால் போதும், அந்தக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். மனைவி துணி தைத்துக் கொடுத்துத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

சாயங்காலமானால், மேஜைமேல் குச்சியால் பந்தடித்துக் குழியில் தள்ளுகிற பூல் கிளப் ஒன்று மாடியில் இருந்தது, அங்கே போய்விடுவான். அங்கே யாரும் அவன் கையைப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பார்த்தார்கள். பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

பூல் ஆட்டத்தில் குச்சியைத் தள்ளுவது வலது கை. இடது கை மேஜைமேல் அசையாமல் உட்கார்ந்து, விரல்களுக்கு நடுவே குச்சிக்கு வழி விடவேண்டும். அது ஒரு நூல் அசைந்தாலும் பந்து எங்கோ போய்விடும். கைக்கு எட்டாத பந்துக்கு மட்டும் ரெஸ்ட் என்று ஒரு கம்பு உண்டு. அதன் நுனியில் சீப்பு மாதிரி பல் இருக்கும். குச்சியை அதில் வைத்து அடிக்கலாம். கிளப்புக்காரர் பெரிய மனசு பண்ணி, லேத்துக்காரனுக்கு எல்லாப் பந்துக்கும் ரெஸ்ட் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அவன் மனைவியின் அண்ணன் ஆட வந்தார். கூடவே, லேத்துக்காரனுக்குத் தெரியாத ஒருவர். அவர் மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயம் கட்டுகிற ஆள் போலிருக்கிறது என்று முணுமுணுத்தார்கள்.

மச்சான் செய்த முதல் காரியம், ரெஸ்டைப் பிடுங்கி பீரோவுக்கு மேலே வீசியதுதான்.

"கையை வை, மாப்ள."

"முடியாது மச்சான். உங்களுக்குத் தெரியாததா?"

"வீட்டுல என் முன்னாடி வெச்சியே. அதே மாதிரி வை."

லேத்துக்காரன் மோதிர விரலை மடக்கி, கட்டை விரலைத் தூக்கி, நடுவே குச்சியை வைத்தான். கை நடுங்கியது. குச்சி வழுக்கி வெள்ளைப் பந்தின் மண்டையில் உரசியது. பந்து செத்தது போல உருண்டு நின்றது. யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

முறை மாறவேண்டும். மச்சான் விடவில்லை. பந்தை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"மெஷின் ரெண்டு விரலத்தான எடுத்துச்சு? மிச்சத்த யாருக்குச் சேத்து வெச்சிருக்க?"

தங்கச்சி புருஷனை இப்படியா பேசுவது என்று ஒருவர் கேட்டார். விரல் போன கையை வைத்துப் பந்தயமா, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்றார் இன்னொருவர். மச்சான் மேஜையை மட்டும் கைகாட்டினார்.

லேத்துக்காரன் மறுபடி குனிந்தான். இந்தத் தடவை உள்ளங்கையின் அடிப்பாகத்தை மேஜையில் அழுத்தி ஊன்றினான். கை நின்றது. பந்து குழிக்குள் விழுந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் மச்சானை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

மற்ற பந்துகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. மூலையில் இருந்தவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

மிச்சம், கடைசியாக விழவேண்டிய கறுப்புப் பந்து. கைக்கெட்டும் தூரம், நேர் அடி. லேத்துக்காரன் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு குனிந்தான்.

கிளப்புக்காரருக்குத் தாங்கவில்லை. ஸ்டூலில் ஏறி ரெஸ்டை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தார்.

"போதும் தம்பி. இந்தக் கையால ஆகாது. இத வெச்சு அடி."

மச்சான் பாய்ந்து வந்தார். ரெண்டு பேர் அவரைத் தோளோடு அமுக்கிப் பிடித்தார்கள்.

"அண்ணே, இந்த ஒரு பந்து. இத மட்டும் அவனே அடிக்கட்டும்ணே."

குரல் கெஞ்சியது. பந்தயப் பணம் போகிற வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

லேத்துக்காரன் தன் கையைப் பார்த்தான். எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நடுங்க ஆரம்பித்தது. அவன் ரெஸ்டை எடுத்துக்கொண்டான்.

கறுப்புப் பந்து அலுங்காமல் குழிக்குள் இறங்கியது. கைதட்டலில் கிளப் அதிர்ந்தது. கிளப்புக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

லேத்துக்காரன் நேராக மச்சானிடம் வந்தான். "இனிமே என் வீட்டுப் படி ஏறாதீங்க" என்றான். அவன் தோளைத் தட்டிக்கொடுத்தபடியே எல்லாரும் அவனோடு இறங்கிப் போனார்கள். மனுஷனாகப் பிறந்தால் கொஞ்சம் ஈரம் வேண்டும் என்று மச்சானுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, கிளப்புக்காரரும் அவர்களை வழியனுப்பக் கீழே போனார்.

மூலையில் இருந்தவர் எழுந்தார். மச்சான் வேலை பார்க்கிற பட்டறையின் ஃபோர்மேன் அவர்.

"வேலைக்குப் பாக்க வந்திருக்கேன்னு உன் மாப்ளகிட்ட சொன்னா நடுங்கிடுவார்னு, சொல்லாமயே என்னைக் கூட்டிட்டு வந்த. சரிதான். நடுவுல கை நின்னுச்சு, நானும் பாத்தேன். ஆனா தினம் கூட இருக்கறவங்களே இந்தக் கையால ஆகாதுன்னு கம்பை எடுத்துக் குடுக்கறாங்க. அவரும் வாங்கிக்கறார். இதுக்கு மேல நான் எத நம்பி லேத்துல நிறுத்தறது? வேற ஆளப் பாத்துக்கறேன். தப்பா நெனச்சுக்காத."

சொல்லிவிட்டு அவரும் படியிறங்கிப் போனார்.