குளக்கரையில் மான் தடம்

"பழசு எஜமான். மூணு நாள் ஆயிருக்கும்" என்றான் வேட்டைக்கு வழிகாட்ட வந்த கரீமுல்லா, மான் புழுக்கையைக் காலால் தள்ளிவிட்டு.

கங்காதர முதலியார் குனிந்து ஒன்றை எடுத்து நசுக்கினார். ஈரம்! பக்கத்துச் சேற்றில் குளம்படி விளிம்பு கலையாமல் கிடந்தது. கொம்பு தேய்த்த வேப்பம்பட்டை பச்சையாய் உரிந்திருந்தது.

வேட்டைக்குப் புதுசென்றாலும் முதலியார் மயிலாப்பூரில் ஆனரரி மாஜிஸ்திரேட். முகத்தைப் பார்த்தே பொய் சாட்சியைக் கண்டுபிடிப்பவர்.

"இந்தக் குளத்தங்கரையிலேயே உட்காரலாமேய்யா?"

"வாணாம் எஜமான். அந்தப் பனமரத்தாண்ட போய்டலாம். காத்து தோதா கீது."

பனைமரத்தடியில் உட்கார்ந்து வெகு நேரமாகி, வெயிலும் ஏறிவிட்டது. ஒரு முயல்கூட வரவில்லை. முதலியார் துப்பாக்கியைத் தொடை மாற்றித் தொடை வைத்தார். கால் மரத்துப்போயிற்று. அதைவிட மனசு அரித்தது.

நல்ல இடத்தை இவன் யாருக்காக ஒளித்து வைக்கிறான்? போன வாரம் மாம்பலத்து இன்ஜினீயர் ஒரு கலைமான் அடித்தாராமே! அவரையும் கூட்டிப் போனவன் இவன்தானே?

சடாரென்று எழுந்து குளத்துப் பக்கம் விறுவிறுவென நடந்தார்.

"எஜமான்! அங்க வாணாம், சொன்னா கேளுங்க!" கரீமுல்லா பின்னாலேயே ஓடிவந்தான்.

குளக்கரையில் ஒரு புதர் அசைந்தது. நடுவில் பழுப்பாக என்னவோ தெரிந்தது. முதலியார் துப்பாக்கியை உயர்த்தினார்.

கரீமுல்லா பாய்ந்து குழலை மேலே தட்டினான். வெடி ஆகாசத்தில் போயிற்று.

புதருக்குள்ளிருந்து பழுப்புச் சேலை கட்டிய ஒருத்தி விறகுக்கட்டோடு எழுந்தாள். முதலியாரைப் பார்த்ததும் கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

முதலியார் கரீமுல்லா பக்கம் திரும்பினார். "இங்கே ஆள் நடமாட்டம் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் எஜமான். மான் தடத்துக்குப் பக்கத்துலயே அந்த வேலம்மா காலடியும் இருந்திச்சு."

"பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்தப் பக்கம் வந்திருப்பேனா?"

கரீமுல்லா சிதறிக் கிடந்த விறகைப் பொறுக்கிக் கட்டினான்.

"உங்ககிட்ட எப்படி எஜமான் சொல்றது? இதே காட்டுல சுள்ளி பொறுக்கினான்னு போன மாசம் அவ புருசனை ஜெயிலுக்கு அனுப்பினது நீங்கதானே?"